பேச்சுத்தொனியும் நடிப்புக்கலையும்
றொபேட் ஈஸ்ரனின் தொழில் வாழ்க்கை

நடிகன் ஒருவன் பிறனொருவனாக மாறுதற்கு மூன்று வாயில்கள் உள. உடையும் ஒப்பனையும் முதலாவது. நடையும் சைகையும் இரண்டாவது. வாயிற் பிறக்கும் ஒலி மூன்றாவது. முன்னைய இரண்டும் கண்ணுக்குரியன. அவற்றுட் காணப்படுங் குறைகளை அவையோர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வர். மூன்றாவது செவிக்குரியது. அரசனாக வந்தவன் வாய்திறந்ததும் அங்காடித் தெருவின் ஓசை பிறக்குமாயின், முடியும் செங்கோலும் அக்கணமே பயனற்றனவாகும். ஒருவன் பிறந்த ஊர், வளர்ந்த குடி, பயின்ற பள்ளி, பழகிய தொழில் ஆகிய யாவும் அவன் பேச்சில் எழுத்திலடங்காச் சுவடுகளைப் பதித்து விடுகின்றன. அச்சுவடுகளின் தொகுதியே பேச்சுத்தொனி எனப்படும். சொல்லும் இலக்கண முடிபும் வேறுபடுங்கால் அது கிளைமொழி ஆகின்றது. சொல் ஒன்றாயிருப்ப ஒலிக்கும் முறை மாத்திரம் வேறுபடுங்கால் அது தொனி என நிற்கின்றது.

தொனியை நடிகருக்குக் கற்பித்தல் இன்று ஆங்கில நாடகத்திலும் திரைப்படத்திலும் தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலுக்கு அமெரிக்கத் திரையுலகில் ஒரு மதிப்பைத் தேடித் தந்தோருள் முதன்மையானவர் றொபேட் ஈஸ்ரன் என்னும் நடிகர். 'ஹொலிவூட்டின் ஹென்றி ஹிக்கின்ஸ்' என அவர் அழைக்கப்பட்டார். பேர்னாட் ஷோவின் நாடகப் பாத்திரமாகிய ஹிக்கின்ஸின் பெயர் அவருக்கு எவ்வளவு பொருந்தும், எவ்விடத்திற் பொருந்தாது என்பதை ஆராய்வோர், மொழி பற்றியும் கல்வி பற்றியும் ஓர் உண்மையை உணர்வர்.

ஈஸ்ரனின் பணியை அறிதற்கு, அவருக்கு முன்னிருந்த நிலையைச் சிறிது நோக்கல் வேண்டும். பழைய ஆங்கில மேடையில் நடிகருக்குக் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் 'நற்பேச்சு' என்னும் ஒன்றே. குரல் பின்வரிசை வரை எட்டல் வேண்டும். ஒலி தெளிவாதல் வேண்டும். உச்சரிப்புக் கற்றோர் உச்சரிப்பாதல் வேண்டும். வட்டாரத் தொனிகள் வேலைக்காரனுக்கும் விகடனுக்கும் உரியனவாக ஒதுக்கப்பட்டன. 1927 ஆம் ஆண்டில் 'த ஜாஸ் சிங்கர்' என்னும் படம் வெளிவந்து, பேசும் படத்தின் காலம் தொடங்கியபோது, இம்மேடை மரபு திரைக்கும் சென்றது. ஊமைப்படங்களில் முகத்தாற் புகழ்பெற்றோர் பலர் ஒலிவாங்கியின் முன் நிற்க அஞ்சினர். பேச்சுப்பயிற்சி ஆசிரியரைப் படநிலையங்கள் தேடலாயின.

அமெரிக்காவில் இந்நற்பேச்சுக்கு வரம்பு வகுத்தோர் இருவர். ஒருவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த ஒலியியலாசிரியர் வில்லியம் ரில்லி. நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1918 முதல் கற்பித்தவர். மற்றவர் அவருடைய மாணவியான ஈடித் ஸ்கின்னர். 1942 இல் வெளிவந்த ஸ்கின்னரின் நூல் நாடகப் பள்ளிகளிற் பல தலைமுறைகளாகப் பாடநூலாய் விளங்கியது. அவர் கற்பித்த ஆங்கிலம் இலண்டனுக்கும் உரியதன்று, நியூயோர்க்குக்கும் உரியதன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட, எவ்வூராரும் தாயிடத்துக் கற்காத ஒரு செயற்கை வழக்கு. ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்கும் கிரேக்க நாடகங்களின் மொழிபெயர்ப்புக்களுக்கும் அது அழகு தந்ததென்பதை மறுத்தல் இயலாது. ஆயின் அதனடியில் ஒரு கருத்து மறைந்திருந்தது. நல்ல பேச்சு ஒன்றே, ஏனையவை திருத்தப்படவேண்டிய பிழைகள், என்பதே அக்கருத்து. ஈஸ்ரன் இக்கருத்துக்கு மறுதலையான வழியிற் சென்றவர். அதற்குக் காரணம் அவருடைய இளமை வரலாற்றிலேயே காணப்படும்.

றொபேட் ஈஸ்ரன் பேர்க் என்பது அவருடைய முழுப்பெயர். 1930 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆந் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வோக்கி நகரிற் பிறந்தார். ஏழாவது வயதிற் பெற்றோர் பிரிந்தமையால், தாயாருடன் தெற்கே ரெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்ரோனியோ நகருக்குச் சென்று வளர்ந்தார். வட நாட்டுப் பேச்சொடு சென்ற சிறுவனைச் சூழ்ந்தது தென்னாட்டு மக்களின் நீட்டி இழுக்கும் பேச்சு. இதனோடு திக்கிப் பேசுங் குறையும் அவருக்கு இருந்தது. திக்குவாய் உடையோர் பலர் பாடும்போதும், பிறர் குரலை ஏற்றுப் பேசும்போதும் தடையின்றிப் பேசுதல் மருத்துவரும் ஆசிரியரும் நன்கறிந்த செய்தியாகும். ஈஸ்ரனும் அக்குறையைக் கடந்தார். ஆனால் பேச்சென்பது தானாக நிகழ்வதன்று, நாவாலும் மூச்சாலும் ஒவ்வொரு கணமும் இயற்றப்படுவது என்னும் உணர்ச்சி, எளிதாகப் பேசுவோர்க்கு வாய்க்காத அவ்வுணர்ச்சி, அவருக்கு இளமையிலேயே வாய்த்துவிட்டது.

அவர் நுண்ணறிவு மிக்க மாணவர். பதினான்காவது வயதில், நாடளாவிய புகழ்பெற்ற 'குவிஸ் கிட்ஸ்' என்னும் வானொலி நிகழ்ச்சியில், அரிய வினாக்களுக்கு விடை பகரும் சிறுவர் குழுவில் ஒருவரானார். பின்னர் ஹொலிவூட் சென்று நடிகரானார். 1951 இல் ஜோன் ஹியூஸ்ரன் நெறிப்படுத்திய 'த ரெட் பாட்ஜ் ஒவ் கறேஜ்' என்னும் உள்நாட்டுப் போர்ப் படத்தில் ஒரு வேடம் அவருக்குக் கிடைத்தது. 1955 இல் 'கன்ஸ்மோக்' என்னும் தொலைக்காட்சித் தொடரிற் காட்டுப்புறத்திலிருந்து வந்த சகோதரனாகத் தோன்றினார். உயரமும் மெலிவும் பொருந்திய உடலும், ரெக்ஸாஸ் இழுவையும் உடைய அவருக்கு வந்த வேடங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பின: ஏமாளியான நாட்டுப்புறத்தான், வாய்பிளந்து நிற்கும் மாட்டுப்பண்ணை ஆள், படையிற் சேர்ந்த பட்டிக்காட்டு இளைஞன். அறிவுப்போட்டியில் நாட்டையே வியக்கவைத்த ஒருவர், அவருடைய வாயிற் பிறந்த உயிரொலிகள் நீண்டிருந்தன என்ற காரணத்தால், திரையில் அறிவிலியாகவே தோன்ற நேர்ந்தது.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணற்பாலது. நீட்டி ஒலித்தலுக்கும் அறிவின்மைக்கும் இயற்கையில் யாதொரு தொடர்பும் இல்லை. அத்தொடர்பைச் சமூகம் கற்பித்தது. சினிமா அதனைப் பெருக்கியது. அவையோர் அதனை உண்மையென நம்பினர். இவ்வார்ப்பிலிருந்து வெளியேறுதற்கு ஈஸ்ரனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. தம் தொனியைக் கழுவி நீக்கி, ஸ்கின்னர் வகுத்த நற்பேச்சை அணிந்துகொள்ளல் ஒன்று. தம் தொனியை வைத்துக்கொண்டே வேறு பல தொனிகளைக் கற்றல் மற்றொன்று. அவர் இரண்டாவதனைத் தெரிந்தார்.

1961 இல், 'வோயேஜ் ரு த பொற்றம் ஒவ் த சீ' என்னும் படத்தில் நீர்மூழ்கிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தியாளராக நடித்த அதே ஆண்டில், ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து இங்கிலாந்து சென்றார். இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியில் ஒலியியல் பயின்றார். அக்கல்லூரியின் ஒலியியற்றுறை டானியல் ஜோன்ஸ் என்னும் பேரறிஞரால் வளர்க்கப்பெற்றது. ஜோன்ஸ் 1917 இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி உலகெங்கும் ஆசிரியர் கைகளில் இருந்த நூல். இலங்கை வாசகர்க்கு அத்துறை முற்றிலும் அயலானதன்று. ஜோன்ஸ் அவர்கள் எச். எஸ். பெரேரா என்பாருடன் இணைந்து, சிங்களப் பேச்சுவழக்கை ஒலிக்குறியீட்டில் எழுதிய வாசகநூலொன்றை 1919 இல் வெளியிட்டார். அத்துறையிற் பணியாற்றிய ஜே. ஆர். பேர்த் என்பார், ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூலின் 1934 ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்புப் பற்றிய பின்னிணைப்பு ஒன்றை எழுதினார். ஈஸ்ரன் அங்கு பயின்ற காலத்தை அண்டி, 1962 இல், அத்துறையைச் சார்ந்த கிம்சன் என்பாரின் ஆங்கில உச்சரிப்பு நூல் வெளிவந்தது.

இங்கிலாந்தின் கிளைமொழி ஆய்வும் அப்பொழுது முதிர்ச்சி அடைந்திருந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹரோல்ட் ஓர்ற்றன் என்பாரின் தலைமையில், 1950 முதல் 1961 வரை, 313 ஊர்களிற் கள ஆய்வாளர் சென்று முதியோரின் பேச்சைப் பதிந்தனர். ஏர்க்காலின் உறுப்புக்கும் பசுவின் மடிக்கும் அவ்வவ்வூரார் வழங்கிய சொற்களும், அவற்றை ஒலித்த முறையும் ஏடுகளில் ஏறின. கொச்சையென ஒதுக்கப்பட்ட பேச்சுக்கு ஒழுங்கும் வரலாறும் உண்டென்பதை இவ்வாய்வுகள் நிறுவின. ரெக்ஸாஸ் இழுவைக்காக எள்ளப்பட்ட ஒருவர்க்கு இவ்வறிவு எத்துணை ஆறுதலளித்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்தில் வாழ்க்கையின் முரண் ஒன்றும் குறிக்கத்தக்கது. இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் ஈஸ்ரனுக்குக் கிடைத்த பெயர்பெற்ற வேலை, 'ஸ்ரிங்றே' என்னும் பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரில் 'போன்ஸ்' என்னும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தல். 1964 ஆம், 1965 ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான அத்தொடரில் அவர் பேசியது தென்னமெரிக்க மாநிலங்களுக்குரிய அதே இழுவைப் பேச்சே. முன்பு சிறையாக இருந்த தொனி, இப்பொழுது கைக்கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. 1965 இல் ஈவ்லின் வோவின் நாவலைத் தழுவி எடுக்கப்பட்ட 'த லவ்ட் வண்' படத்தில், மாட்டுப்பண்ணை வீரனாக நடித்துப் புகழ்பெற்ற ஒரு நடிகனின் வேடம் ஈஸ்ரனுடையது. அந்நாட்டுப்புற நடிகனை ஆங்கிலப் பெருமகனாக மாற்றும் பொறுப்பை ஏற்கும் முதியவராக ஜோன் கீல்கட் தோன்றினார். தொனி கற்பித்தலையே நகைப்பொருளாக்கிய அக்காட்சிகளில் மாணவனாக நடித்தவர், பின்னர் அத்தொழிலுக்கே ஆசானாயினார்.

அமெரிக்கா திரும்பிய பின் அவர் நடிப்பைக் கைவிடாது, தொனி கற்பித்தலையும் மேற்கொண்டார். அவரிடம் பயின்றோர் பலர். 1978 இல் 'த போய்ஸ் பிறம் பிறசில்' என்னும் படத்தில், நாற்சி மருத்துவன் மெங்கலேயாக நடித்த கிரெகரி பெக் ஜேர்மன் தொனியை அவரிடம் பயின்றார். 1983 இல் 'ஸ்கார்பேஸ்' படத்திற் கியூபாவிலிருந்து வந்த அகதியாக நடித்த அல் பசீனோவும், 2003 இல் தென்படைத் தளபதி லீயாக நடித்த றொபேட் டுவலும் அவரிடம் பயிற்சி பெற்றனர். 2006 இல் 'த லாஸ்ற் கிங் ஒவ் ஸ்கொட்லண்ட்' படத்தில் உகண்டாவின் கொடுங்கோலன் இடி அமீனாகத் தோன்றிய பொறஸ்ற் விற்றேக்கர் அவருடைய மாணவருள் ஒருவர். அவ்வேடத்துக்காக விற்றேக்கர் சிறந்த நடிகருக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றார். ஜேர்மானியன், கியூபன், வேர்ஜீனியன், உகண்டன் ஆகிய நால்வரும் ஒரே ஆசிரியரிடத்திற் பிறந்தனர் எனின், அவ்வாசிரியரின் செவிப்பரப்பு எத்தகையதென உய்த்துணரலாம்.

தொனி எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது? கிளிபோற் கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலே பயிற்சியெனச் சிலர் எண்ணுவர். அது பயிற்சியின் ஒரு பகுதியே. ஒலி வாயின் எவ்விடத்தில், எவ்வுறுப்பின் முயற்சியாற் பிறக்கின்றது என அறிதலே அடிப்படை. தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கற்றவர்க்கு இது புதிதன்று. நாவும் அண்ணமும் பல்லும் இதழும் தம்முட் பொருந்துமாறு ஆராய்ந்தே அந்நூல் எழுத்தொலிகளை வகுக்கின்றது. அதுவே இக்கால ஒலியியலுக்கும் முதற்படி. 1886 இற் பாரிஸ் நகரில் தொடங்கிய அனைத்துலக ஒலியியற் கழகம் வகுத்த குறியீடுகளால், எம்மொழியின் ஒலியையும் எழுதிக் காட்டல் இயலும். தொனியாசான் வசனத்தை அக்குறியீட்டில் எழுதி, மாறவேண்டிய இடங்களைச் சுட்டுகின்றார்.

இரண்டாவது படி, ஒவ்வொரு தொனியின் அடையாள ஒலிகளைத் தெரிந்தெடுத்தல். ரெக்ஸாஸ் பேச்சை எடுத்துக்கொள்ளின், நேரத்தைக் குறிக்கும் 'ரைம்' என்னுஞ் சொல்லின் ஐகாரம் சுருங்கி 'ராம்' என்பதுபோல ஒலிக்கும். ஊசியைக் குறிக்கும் 'பின்' என்பதும், பேனாவைக் குறிக்கும் 'பென்' என்பதும் அங்கே பெரும்பாலும் ஒன்றாகிவிடும். இலண்டன் கிழக்குப்புறத் தொழிலாளர் பேச்சில் ஹகர ஒலி சொன்முதலிற் கெடும்; நாளைக் குறிக்கும் 'டே' என்னுஞ் சொல் 'டை' என்பதை நெருங்கும். ஜேர்மானியர் ஆங்கிலம் பேசுங்கால், இதழ் குவித்து ஒலிக்கவேண்டிய வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும். சொல்லிறுதியிற் குரல்நாண் அதிரப் பிறக்கவேண்டிய மெய்கள் அவ்வதிர்வை இழக்கும். ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே ஆதலின், கியூபன் ஒருவன் ஆங்கிலத்தில் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதையும் செம்மறியைக் குறிக்கும் 'ஷீப்' என்பதையும் வேறுபடுத்த இடர்ப்படுவான்.

ஒலிகளை மாத்திரம் மாற்றினால் தொனி அமையாது. மூன்றாவது படியாகப் பேச்சின் தாளநடையும் ஏற்றவிறக்கமும் கற்கப்படுகின்றன. ஆங்கிலேயர் பேச்சில் அழுத்தம் பெற்ற அசைகள் ஓங்கி நிற்க, ஏனையவை ஒடுங்கும். ஆபிரிக்க ஆங்கிலங்கள் பலவற்றில் அசைகள் ஏறத்தாழ ஒத்த அளவின. இதனை அறியாது உயிரொலிகளை மாத்திரம் மாற்றும் நடிகன், பிறநாட்டுச் சொற்களைத் தன்னூர்த் தாளத்திற் பாடியவனாவான். நான்காவதாக, வாயின் இயல்பான இருப்பு நிலையைக் கற்றல் வேண்டும். சிலர் தாடையைத் தளரவிட்டுப் பேசுவர். சிலர் பற்கள் நெருங்கப் பேசுவர். சிலர் நாவைப் பின்னிழுத்து வைப்பர். இவ்விருப்பு நிலை கைவந்தால், தனித்தனி ஒலிகள் தாமே வந்து அமையும்.

இவற்றின் மேலும் ஒரு படி உண்டு. 'உகண்டாத் தொனி' என ஒன்றைப் பொதுவாகக் கற்பித்தல் போதாது. இடி அமீன் உகண்டாவின் வடமேற்கெல்லையில் வாழும் கக்குவா இனத்தவன். தலைநகர்ப்புறத்தார் பேசும் லுகண்டா மொழி அவனுடைய தாய்மொழியன்று. 1946 முதற் பிரித்தானியரின் ஆபிரிக்கப் படைப்பிரிவிற் சேவை செய்தவன். அவனுடைய ஆங்கிலம் பள்ளியிற் கற்ற ஆங்கிலமன்று, படைமுகாமிற் கற்றது. அவ்வேடத்துக்காக விற்றேக்கர் சுவாகிலி மொழியைப் பயின்றமை இக்காரணத்தாலேயே பொருளுடையதாகின்றது. நாடு, குடி, கல்வி, தொழில், வயது ஆகியவற்றைக் கடந்து ஒரு மனிதனின் பேச்சை அடைதலே தொனிப்பயிற்சியின் முடிவு. ஆகவே தொனியாசான் ஒலியியலறிஞனாக இருந்தால் மாத்திரம் போதாது. வரலாறும் சமூகவியலும் அறிந்தவனாதல் வேண்டும். ஈஸ்ரன் தம் இல்லத்தில் நூல்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்திருந்தமைக்குக் காரணம் இதுவே போலும்.

இனி, ஹிக்கின்ஸ் என்னும் பெயரின் பொருத்தத்தை நோக்குவோம். பேர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகம் 1913 இல் வியன்னா நகரிலும், 1914 இல் இலண்டனிலும் மேடையேறியது. அதன் கதாநாயகனை ஆக்குங்கால், ஒலியியலறிஞர் ஹென்றி ஸ்வீற்றின் இயல்புகள் சிலவற்றைத் தாம் மனத்திற் கொண்டமையை ஷோ முன்னுரையிற் குறிப்பிடுகின்றார். பூ விற்கும் பெண்ணாகிய எலைசாவின் இலண்டன் தெருப்பேச்சை அழித்து, உயர்குடிப் பெண்ணின் பேச்சை அவள் நாவில் ஏற்றுகின்றான் ஹிக்கின்ஸ். பந்தயத்தில் அவனுக்கே வெற்றி. ஆயின் எலைசாவின் நிலை யாது? இறுதி அங்கத்தில், அயல்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தை தன் மொழியை மறப்பதுபோலத் தானும் தன் பேச்சை மறந்துவிட்டதாக அவள் முறையிடுகின்றாள். பழைய தெருவிற்கு மீளவும் இயலவில்லை. புதிய மாளிகையில் அவளுக்கு இடமும் இல்லை. நகைச்சுவை நாடகத்தின் நடுவே ஷோ வைத்த துன்பம் இதுவே.

ஈஸ்ரன் செய்தது இதனின் வேறானது. அவரிடம் பயின்ற நடிகன் தன் பேச்சை இழந்தானல்லன். கிரெகரி பெக் ஜேர்மன் தொனியைப் படம் முடியும் வரை அணிந்து, பின் களைந்து வைத்தார். உடையைப் போலத் தொனியும் அணிந்து களையத்தக்கதாயிற்று. ஹிக்கின்ஸ் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தான். ஈஸ்ரன் உள்ளதனோடு ஒன்றைக் கூட்டினார். ஹிக்கின்ஸின் கண்ணில் எலைசாவின் பேச்சு குப்பை. ஈஸ்ரனின் கண்ணில் எப்பேச்சும் கற்றற்குரிய பொருள். ஒலியியலறிவு இருவர்க்கும் பொதுவேயாயினும், அவ்வறிவைக் கையாண்ட மனப்பாங்கு வேறு. தம்முடைய தொனியே எள்ளப்பட்டதை அனுபவித்தவர் பிறர் தொனியை எள்ளாமை இயல்பேயாம்.

எனினும் இக்கலைக்கு எதிரான கூற்றுக்களும் உள. பிறர் பேச்சைப் போலச் செய்தல் எளிதிற் கேலியாகச் சரிந்துவிடும். ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சில் இரண்டு மூன்று அடையாளங்களை மாத்திரம் எடுத்துப் பெரிதாக்கினால், அது பேச்சாகாது, முகமூடியாகும். ஈஸ்ரனை நாட்டுப்புறத்தான் வேடங்களிற் சிறைவைத்ததும் இத்தகைய முகமூடியே. 1964 இல் வெளிவந்த 'மேரி பொப்பின்ஸ்' படத்தில், அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய இலண்டன் தெருப்பேச்சு அரை நூற்றாண்டாக ஆங்கிலேயரின் நகைப்புக்கு இலக்காயிற்று. 2017 இல் அவரே அதற்காக விகடமாக மன்னிப்புக் கேட்டார். இங்கே நகைப்புக்கு இலக்கானவர் நடிகரே. ஆனால் எளிய மக்களின் பேச்சோ, ஆளப்பட்ட மக்களின் பேச்சோ தவறாகப் போலச் செய்யப்படுங்கால், நகைப்புக்கு இலக்காவோர் அம்மக்களே. இத்தீமை நகைப்போடு நில்லாது. திரையிற் கேட்ட தொனியை அங்காடியிலும் நீதிமன்றிலும் வகுப்பறையிலுங் கேட்குங்கால், பேசுவோனை மூடனென்றோ கள்வனென்றோ கேட்போர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவர்.

அவ்வம்மக்களின் வேடத்தை அவ்வம்மக்களே ஏற்றல் வேண்டும் என்னுங் கொள்கையும் பிற்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. அது நீதியான கொள்கையே. பிற நாட்டாருக்கு வாய்ப்பளியாது, அவர் தொனியை மாத்திரம் கடன்வாங்குதல் நேர்மையாகாது. ஆயினும் நடிப்பென்பதே பிறனாதல். தன்னூர்ப் பேச்சன்றி வேறறியாத நடிகன், தன்னூர்க்காரனாக மாத்திரமே வாழ்நாள் முழுதும் நடிக்க நேரும். அது ஈஸ்ரன் தப்பி வந்த அதே சிறையாகும். ஆகவே தொனிப்பயிற்சியை விலக்குதலினும், அதனைச் செம்மையாகச் செய்தலே தீர்வு. செம்மையாவது, போலச் செய்யப்படும் மக்களே கேட்டு, 'இவன் எங்களுள் ஒருவன்' என ஏற்றுக்கொள்ளத்தக்க நுட்பம். அந்நுட்பம் உழைப்பாலும், அதனினும் மேலாக மதிப்பாலும் வருவது. இகழும் பேச்சை எவரும் நுட்பமாகக் கேட்பதில்லை.

இத்தேவையை உணர்ந்த பிற்காலத்தார், உண்மையான மக்களின் பேச்சைப் பதிந்து வைக்கும் முயற்சியில் ஈடுபட்டனர். நடிகரும் தொனியாசிரியருமான போல் மையர் என்பார் 1998 இல் தொடங்கிய அனைத்துலக ஆங்கிலக் கிளைமொழிக் காப்பகம் அவற்றுள் ஒன்று. வெவ்வேறு நாட்டார் ஒரே உரைப்பகுதியை வாசிக்கும் ஒலிப்பதிவுகளும், அவர்கள் தத்தம் வாழ்க்கையைத் தம்மியல்பிற் கூறும் பதிவுகளும் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஒரே பகுதியைப் பலர் வாசிப்பதால் ஒலி வேறுபாடு தெளிவாகும். இயல்பாகப் பேசுவதால் தாளநடை புலனாகும்.

ஈஸ்ரன் இறுதிவரை ஆசிரியராகவும் நடிகராகவும் விளங்கினார். 1991 இல் வெளிவந்த 'ஸ்ரார் றெக்' ஆறாம் படத்தில், கிளிங்கன் என்னுங் கற்பனை இனத்தின் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கினார். உலகத் தொனிகள் போதாமல், வேற்றுலகத் தொனியும் அவருக்கு வாய்த்தது போலும்! 2003 இல், தம் மாணவர் டுவல் தளபதி லீயாக நடித்த 'கோட்ஸ் அன்ட் ஜெனரல்ஸ்' படத்தில் தாமும் ஒரு வேடம் ஏற்றார். 2011 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16 ஆந் திகதி, தமது 81 ஆவது வயதில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறைவனடி சேர்ந்தார். தலைமை வேடம் ஒன்றேனும் ஏற்று அவர் பெரும்புகழ் பெற்றாரல்லர். ஆயின் தலைமை வேடம் ஏற்ற பலரின் வாயில் அவருடைய உழைப்பு ஒலித்தது. ஆசிரியத் தொழிலின் இலக்கணமும் அதுவேயன்றோ? கற்பித்தவன் பெயர் திரையின் இறுதியிற் சிறிய எழுத்தில் ஓடி மறையும். கற்றவன் குரல் நிலைத்து நிற்கும்.

அவர் வாழ்க்கை ஆசிரிய உலகுக்கு உணர்த்துவது யாது? பொதுமொழி ஒன்றைக் கற்பித்தல் பள்ளியின் கடமை. அக்கடமையை எவரும் மறுத்தல் இயலாது. தேர்வுக்கும் அலுவலுக்கும் அவைக்கும் உரிய செம்மையான வழக்கை மாணவன் பெறாதுவிடின், அவனுக்குப் பல வாயில்கள் அடைபடும். ஆயின் அதனைக் கற்பிக்கும் முறை இருவகை. 'உன் பேச்சுப் பிழை. இதுவே சரி' என்பது ஹிக்கின்ஸின் முறை. 'உன் பேச்சு உன் இல்லத்துக்குரியது; இது அவைக்குரியது; இரண்டையும் இடமறிந்து ஆள்க' என்பது ஈஸ்ரனின் முறை. முதலாவது முறையிற் பயின்ற மாணவன், புதிய மொழியைப் பெறுமுன் தாயின் மொழிக்கு நாணக் கற்றுவிடுகின்றான். நாணியவன் வகுப்பில் வாய்திறவான். வாய்திறவாதவன் எம்மொழியையுங் கல்லான். இரண்டாவது முறையிற் பயின்றவனுக்கு இழப்பு இல்லை. பேறு மாத்திரமே உண்டு.

திக்கிய நாவோடும், எள்ளப்பட்ட தொனியோடும் தொடங்கிய ஒரு சிறுவன், பிறருடைய நாவுக்கெல்லாம் ஆசானாக உயர்ந்தமை, குறையெனப்பட்டதனைக் கல்வியாக மாற்றிய வரலாறாகும். தன் பேச்சைக் குறித்து எவன் வருந்தினானோ, அவனே பிறர் பேச்சை உன்னிப்பாகக் கேட்கக் கற்றான். அவ்வாறு கேட்பவர் வகுப்பறையில் இருப்பின், அங்கே வாய்திறக்க அஞ்சும் மாணவன் இரான்.